சபாபீடத்தில் வைத்த கடிதம்

பாராளுமன்றத்தில் பேசுகிறவருக்குக் கிடைக்கும் பாராட்டில் எழுதிக் கொடுத்தவனுக்குப் பங்கு கிடையாது. எனக்கு அது நெடுநாளாக ஒரு குறை. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தக் குறைதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தில்லைநாதன். ஊர் இலுப்பைக்கடவை. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் வேலை செய்து, பதிவாளராக ஓய்வு பெற்றவன். சமாதான நீதவானும்கூட. யாருக்காவது சத்தியக் கடதாசி முடிக்க வேண்டுமென்றால் என் முத்திரையைத் தேடி வருவார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே ஹுஸ்னியா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். எருக்கலம்பிட்டிக்காரி, சட்டத்தரணி. எதிர்க்கட்சியின் பட்டியலில் புதிதாகப் பாராளுமன்றம் போயிருந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று பத்து வருடம் வழக்குப் பேசியவர் என்பதால் என் எழுத்து அவருக்குப் பழக்கம்.

“ஐயா, எனக்குச் சட்டம் தெரியும். ஆனா வசனம் வராது. நீங்கள் எழுதித் தாங்கோ, நான் பேசிறன்,” என்றார்.

மன்னார் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய கந்தோர். ஒரு மேசை, நாலு கதிரை, அலுமாரி நிறைய ஹன்சாட், பாராளுமன்றப் பேச்சுகளை அப்படியே அச்சிடும் பதிவு. ஐந்து வருடம் அங்கேயிருந்து எழுதினேன். நீதி, தண்டனை, சிறைச்சாலை என்று எந்த விவாதம் வந்தாலும் கட்சி மேடத்துக்கு எட்டு நிமிடம் ஒதுக்கும். பிணைக்கு ஆள் இல்லாமல் விளக்கமறியலில் கிடக்கிறவர்களைப் பற்றி எழுதினேன். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைத்தவர்களைப் பற்றி எழுதினேன். ஒரே குற்றத்துக்கு ஒருவனுக்குத் தண்டப்பணமும் இன்னொருவனுக்குப் பத்து வருடமும் கிடைப்பதைப் பற்றி மட்டும் ஏழு பேச்சு. மேடம் பேச எழும்பும்போது ஆளும் கட்சிப் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் போனுக்குள் இருப்பார்கள். எங்கள் பேச்சால் எந்தச் சட்டமூலத்திலும் ஒரு காற்புள்ளி நகர்ந்ததில்லை. எதிர்க்கட்சி என்றால் அப்படித்தான். மேடம் அதற்கெல்லாம் சளைக்கிற ஆளில்லை. நானும் சளைக்கவில்லை, ஆனால் என் காரணம் வேறு. ஒரு நாளாவது சபை நிமிர்ந்து உட்கார்ந்து என் வசனத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

போன மார்ச்சில் ஒரு சட்டமூலம் வந்தது. இன்னின்ன குற்றத்துக்கு இத்தனை வருடத்துக்குக் குறையாமல் மறியல், அதாவது சிறை, நீதிபதியே நினைத்தாலும் குறைக்கவோ ஒத்திவைக்கவோ முடியாது என்பதுதான் அதன் சாரம். வெடிமருந்து வழக்குகளுக்கு அந்த விதி ஏற்கனவே இருந்தது. இப்போது மேலும் பத்துப் பன்னிரண்டு குற்றங்களுக்கு அதை நீட்டப் பார்த்தார்கள்.

“இந்த முறை எனக்கு எண்கள் வேண்டாம் ஐயா,” என்றார் மேடம், கொழும்பிலிருந்து போனில். “புள்ளிவிவரம் சொன்னா ஒருத்தனும் கேக்கிறான் இல்ல. ஒரு ஆள் வேணும். ஒரு வீடு வேணும். எங்கட கரையில அப்பிடி ஒரு ஆள் இருக்கு, உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். முசலிப் பக்கத்துப் பைசர். அவனுக்கு மறியல் கட்டளை எழுதியதே இந்தக் கைதான்.

பைசருடைய கதை இதுதான். எங்கள் கரையில் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிற வழக்குக்கு என்ன கிடைக்கும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். தண்டம், மிஞ்சினால் ஒத்திவைத்த மறியல். அது கிட்டத்தட்ட மீன் விலை மாதிரி, கேட்காமலே தெரிந்த விஷயம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடற்கரையில் அவனுடைய மீன் வாடியில் நாற்பது டைனமைட் குச்சி பிடிபட்டது. யாருடையது என்று பொலிஸ் கேட்டபோது பைசர் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை, தன்னுடையது என்று சொன்னான். நீதிமன்றத்திலும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சட்டத்தைத் திருத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி முசலிக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். பதினாலு வருடம். கூண்டுக்குள் நின்றவன் என்னைப் பார்த்து, எத்தனை மாதம் என்று கேட்டான். சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அவன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றான், நான் எண்ணைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

அதே நேரத்தில் நீண்ட தண்டனைக்காரர்களின் வழக்குகளைத் திரும்பப் பார்க்க அமைச்சு ஒரு குழு போட்டது. பைசருடைய பெயர் முதல் பட்டியலிலேயே வந்தது. நன்னடத்தை, ஒன்பது வருடம் ஒரு முறைப்பாடும் இல்லை. குழுவுக்கு முன்னால் அவன் குற்றத்தைத் திரும்பவும் ஒப்புக்கொண்டு, வருந்துகிறேன் என்று சொல்லியிருந்தான். நோன்புப் பெருநாளைக்கு இல்லாவிட்டாலும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டில் இருப்பான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அவனுடைய மனைவி உம்மு ஸல்மா கந்தோருக்கு வந்தது அந்த நாட்களில்தான். ஒடுக்கமான முகம், நேராகப் பார்த்துப் பேசுகிற பழக்கம். மேடம் கொழும்பில் என்றதும் கையில் கொண்டுவந்த உறையைக் கொடுக்கத் தயங்கினாள். பிறகு மேசையில் வைத்தாள்.

“இது மேடத்துக்கு மட்டும் ஐயா. வேற ஆக்களுக்கு இல்ல.”

“நான் பத்திரமாக் குடுக்கிறன் பிள்ளை.”

“மேடம் என்ட மாப்பிள்ளைக்காக எத்தனையோ தரம் கதைச்சிருக்கிறா. அவரக் குற்றவாளி எண்டு நினைச்சுக்கொண்டு கதைக்கக் கூடாது, அதுக்காகத்தான் எழுதினனான்,” என்றாள்.

கந்தோருக்கு வருகிற கடிதங்களைப் பிரித்து வாசிப்பது என் வேலை. அவள் படி இறங்கியதும் வாசித்தேன். அப்பியாசக் கொப்பித் தாளில், நீல மையில், இரண்டு பக்கம். முதல் பக்கம் வீட்டு நிலைமை. மகள் நுஸ்ரியா நாலு வயதில் வாப்பாவைப் பிரிந்தவள், இப்போது பதின்மூன்று, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த முகம் தவிர அவளுக்கு வேறு முகம் தெரியாது. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்படி எழுத எனக்கு வராது என்று பொறாமைகூட வந்தது.

இரண்டாம் பக்கத்தில் உண்மை இருந்தது. குச்சி பைசருடையது இல்லை. உம்மு ஸல்மாவின் தம்பி நிப்ராஸ் கொண்டுவந்து வாடியில் ஒளித்தது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, வெளிநாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தான். வழக்கு ஒன்று விழுந்தால் அந்தப் பயணம் போய்விடும். தண்டத்தோடு போகிற விஷயம்தானே என்று பைசர் மச்சானுக்காகத் தலையைக் கொடுத்தான். நிப்ராஸ் இன்றைக்கும் கட்டாரில்தான் இருக்கிறான், போனில் அக்காவின் குரலைக் கேட்டால் அழுகிறான்.

அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலையே அதுதான். எந்தக் கடதாசி எந்த வழக்குக் கோவைக்குள் போகலாம், எது போகக் கூடாது என்று பார்ப்பது. நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி மூலப் பிரதியைத் தூக்கிக் காட்டினால் அதற்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பவன் நான்தான்.

ஆனால் என் தலைக்குள் அப்போது பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிழற்பிரதியைத் தூக்கிக் காட்டினால் கமராவில் வெள்ளைத் தாளாகத்தான் தெரியும். கொப்பித் தாளின் கோடும், மடிப்பும், நீல மையும் தெரிந்தால்தான் அது ஒரு பெண் எழுதிய கடிதம். மூலத்தை அப்படியே பேச்சோடு பின்னூசியால் சேர்த்துக் குத்தினேன். ஐந்தாவது நிமிடத்துக்கு நேரே, ஓரத்தில் சிவப்பு மையில், “இங்கே கடிதத்தை உயர்த்திக் காட்டவும்” என்று எழுதினேன். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கோவையைக் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் பக்கத்தைப் பற்றி மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

விவாதத்தன்று கந்தோரில் தனியே இருந்து போனில் பார்த்தேன். மேடம் அன்றைக்குப் பேசியதைப் போல அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. மூன்றாவது நிமிடத்தில் ஆளும் கட்சிப் பக்கம் ஒருவர் போனைக் கவிழ்த்து வைத்தார். ஐந்தாவது நிமிடத்தில் கடிதத்தை உயர்த்தினார். முதல் பக்கத்திலிருந்து நாலு வரி வாசித்தார். சபை அமைதியாக இருந்தது. நான் உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான், என் பேச்சில் எழுதாத ஒரு வசனத்தை மேடம் சொன்னார்.

“கௌரவ தலைமைதாங்கும் உறுப்பினர் அவர்களே, இந்தத் தாயின் கடிதத்தை நான் சபாபீடத்தில் சமர்ப்பிக்கின்றேன்.”

அங்கே அது ஒரு பழக்கம். எதைக் கையில் வைத்துப் பேசினாலும் முடிவில் அதைச் சபாபீடத்தில் வைப்பதாகச் சொல்லிவிடுவார்கள். பேப்பர் வெட்டு, புகைப்படம், யாரோ அனுப்பிய மனு, எல்லாம் போகும். போனது ஹன்சாட்டில் அச்சாகும், அதற்குப் பிறகு அது நாட்டின் சொத்து. சபை உதவியாளர் வந்து இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். இரண்டாம் பக்கமும் அதோடு போனது. ஆனால் உடனே போனை எடுக்கவில்லை. மேடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், மிச்ச மூன்று நிமிடத்தையும் நான் கேட்க வேண்டியிருந்தது.

பேச்சு முடிந்ததும் எதிர்ப்பக்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் எழும்பி, இந்தச் சபையில் நான் கேட்ட நல்ல தமிழ் உரைகளில் இது ஒன்று என்றார். மறுநாள் பத்திரிகை ஒரு பந்தியை அப்படியே போட்டது. முகநூலில் ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். சட்டமூலம் எப்படியும் நிறைவேறிவிட்டது, அது வேறு விஷயம்.

நாலு நாள் கழித்துத் திருத்துவதற்காக ஹன்சாட்டின் வரைவு வந்தது. உறுப்பினர் பார்த்துப் பிழை திருத்தி அனுப்பிய பிறகுதான் இறுதியாக அச்சாகும். மேடம் வழக்கம் போல எனக்கு அனுப்பிவிட்டார். பேச்சின் கீழே கடிதம் தட்டச்சில் இருந்தது, இரண்டு பக்கமும் முழுசாக. ‘என் தம்பி நிப்ராஸ்’ என்ற சொற்கள் கறுப்பில் தெளிவாக நின்றன.

அந்த இடத்தில் நான் செய்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு போன் போதும். கடிதத்தில் தனிப்பட்ட விஷயம் உண்டு, இரண்டாம் பக்கத்தைச் சேர்க்க வேண்டாம் என்று மேடம் எழுதிக் கேட்டிருந்தால் எடுத்திருப்பார்கள். ஆனால் மேடத்திடம் என்ன சொல்வது? நீங்கள் வாசிக்காத ஒரு பக்கத்தை நான் குத்தி அனுப்பினேன் என்றா? அந்தப் பேச்சைப் பற்றி அன்று காலையும் ஒரு பேராசிரியர் போன் பண்ணிப் பாராட்டியிருந்தார். அதற்குள் ஒரு பிழை இருக்கிறது என்று என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. ஹன்சாட்டை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வருடம் ஒருவரும் வாசிக்கவில்லையே என்று குறைப்பட்டவன் அன்றைக்கு அதையே சாட்டாகப் பிடித்துக்கொண்டேன். விடுபட்டிருந்த இரண்டு ஒற்றெழுத்தைத் திருத்தி, வேறு திருத்தம் இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு ஆள் வாசித்திருக்கிறார். பைசருடைய கோவையைத் தயாரித்த அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கவனமானவர், என்னைப் போல. கைதியைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசப்பட்டிருக்கிறது என்று பெருமையாகத்தான் அந்தப் பக்கங்களையும் கோவையில் சேர்த்திருப்பார். குழு வாசித்தது. கைதி குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்துகிறார், மனைவியோ அவர் செய்யவில்லை என்கிறார், இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. விளக்கம் கிடைக்கும் வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஐந்து நாள் இருக்கும்போது குழுவின் கடிதம் கந்தோருக்கு வந்தது. அந்தக் கிழமையே பொலிஸ் உம்மு ஸல்மாவின் வீட்டுக்குப் போய், நிப்ராஸ் எப்போது நாட்டுக்கு வருவான் என்று கேட்டிருக்கிறது.

கடிதம் வந்த அன்றைக்கு மேடம் மன்னாரில் இருந்தார். கடிதத்தையும் ஹன்சாட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“ஐயா, ரெண்டாம் பக்கம் எண்டு ஒண்டு இருந்ததா?”

“இருந்தது மேடம்.”

“நான் வாசிக்கவே இல்ல. நாலு வரிதான் வாசிச்சனான். வாசிக்காத கடிதத்த நான் சபாபீடத்தில வச்சிருக்கிறன்.”

“குத்தி அனுப்பினது நான். வரைவு வந்த நேரம் பார்த்ததும் நான்தான். பார்த்திட்டு வாய் திறக்கேல்ல.”

அவர் கத்தியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கத்தவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அடுத்த அமர்வில எழும்பி விளக்கம் குடுக்கிறன்,” என்றார்.

“வேண்டாம் மேடம். அவன்ட பேர் இனி அந்தச் சபையில வரவே கூடாது. எங்கட பேச்சு அவனுக்குச் செய்தது போதும்.”

மேடத்தின் முகம் மாறியது. ஐந்து வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. குழு என்ன விளக்கத்தை எதிர்பார்க்கிறது என்று இருவருக்குமே தெரியும். உண்மையைச் சொன்னால் நிப்ராஸ் மாட்டுவான், பைசரும் ஒன்பது வருடம் பொய் சொன்னவன் ஆவான், கோவை மூடப்படும். கடிதம் பொய் என்று மனைவி சத்தியக் கடதாசி கொடுத்தால் மட்டும்தான் கதவு திறக்கும்.

“நான் சட்டத்தரணி,” என்றார் மேடம் கடைசியாக. “எது உண்மை எண்டு எனக்கு இப்ப தெரியும். தெரிஞ்சுகொண்டு அப்பிடி ஒரு கடதாசியில நான் கை வைக்க ஏலாது. என்ன செய்யலாம் எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ ஐயா.”

அவர் கேட்காதே என்று சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் முத்திரையையும் மைப் பெட்டியையும் பைக்குள் வைத்துக்கொண்டு முசலிக்குப் பஸ் ஏறினேன்.

உம்மு ஸல்மாவின் வீடு வீதியிலிருந்து உள்ளே, உடைமுள் வேலிக்குப் பக்கத்தில். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்த பிறகு பைசர் கட்டத் தொடங்கியது, முன்னறை இன்னும் பூசாமல் கல்லாகத்தான் நிற்கிறது. கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளேன்ரீ கொண்டுவந்தாள். நான் அதைத் தொடாமல், இருந்த இருப்பிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் அல்ல, நான்தான் என்று சொன்னேன். வரைவில் பார்த்தும் விட்டேன் என்று சொன்னேன்.

“ஏன் ஐயா விட்டனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

“பேச்சு நல்லா வந்திட்டுது பிள்ளை. அத நான் கெடுத்துக்கொள்ள விரும்பேல்ல.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. ஒரு பெரிய மனிதன் இவ்வளவு சின்னவனாக இருக்க முடியுமா என்று பார்த்த மாதிரி இருந்தது. பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, “இப்ப என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

பையிலிருந்து கடதாசியை எடுத்து வாசித்துக் காட்டினேன். என் கணவர் மீது கொண்ட பாசத்தினாலும் மனவேதனையினாலும் உண்மைக்கு மாறான விஷயங்களை அக்கடிதத்தில் எழுதினேன். என் சகோதரருக்கு இதில் எவ்விதத் தொடர்பும் இல்லை. குற்றத்தைச் செய்தவர் என் கணவரே. என் வாழ்நாளில் நான் எழுதிய வசனங்களில் இதைப் போலத் தெளிவானது இல்லை, என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“இது பொய்ச் சத்தியம்தானே ஐயா?”

“ஓம்.”

“என்ட தலையில வருமா, உங்கட தலையில வருமா?”

“என்ட தலையில வரட்டும் பிள்ளை. எழுதினவன் நான். முத்திரை குத்திறவனும் நான்.”

“அது அப்பிடிப் பங்கு பிரிக்க ஏலாது,” என்றாள் அமைதியாக. “அல்லாஹ் கேக்கிற நேரம் நான்தான் மறுமொழி சொல்லோணும். சரி, தாங்கோ.”

பேனாவைக் கொடுக்காமல் நிறுத்தினேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் பஸ்ஸில் வழி முழுவதும் யோசித்து வந்திருந்தேன்.

“இந்தக் கடதாசி போன பிறகு நலன்புரி உத்தியோகத்தர் ஒராள் வீட்டுக்கு வருவார். அறிக்கை எழுத. உங்களட்டக் கேப்பார். பிள்ளையையும் தனியக் கூப்பிட்டுக் கேப்பார், வாப்பா ஏன் மறியலுக்குப் போனவர் எண்டு. அவளுக்கு என்ன தெரியும்?”

உம்மு ஸல்மா பேனாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“உண்மை தெரியும்,” என்றாள். “பத்து வயசில சொன்னனான். பள்ளியில பிள்ளையள் டைனமைட்காரன்ட மகள் எண்டு பழிச்சு, இவள் சாப்பிடாமக் கிடந்தாள். அதான் சொன்னனான். உன்ட வாப்பா ஒண்டும் செய்யேல்ல, மாமாவக் காப்பாத்தப் போனவர், அவரப் போல மனுசன் இந்தக் கரையில இல்ல எண்டு. அதுக்குப் பிறகுதான் நிமிந்து நடக்கிறாள்.”

“அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கலாமா?”

“என்ட மகளுக்கு அது வராது ஐயா. முகத்தில எழுதியிருக்கும்.” கடதாசியைத் தன் பக்கம் இழுத்தாள். “பழக்கவும் மாட்டன். வாப்பாதான் செய்தது எண்டு அவள் நம்போணும். நம்பினாத்தான் சரியாச் சொல்லுவாள்.”

அவள் கையெழுத்து வைத்தாள். நான் சத்தியம் செய்விக்கும் வாசகத்தைச் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். முத்திரையைக் குத்திக் கையெழுத்திட்டேன். மை காயும் முன்பே வேலிப் படலை திறந்தது. நுஸ்ரியா பள்ளிச் சீருடையோடு வந்தாள், உயரமான பிள்ளை, தலையை மூடிய வெள்ளை மக்கனா வேர்வையில் நனைந்திருந்தது. எனக்குச் சலாம் சொல்ல வாயெடுத்து, ஆளைப் பார்த்து வணக்கம் என்று மாற்றிச் சொன்னாள். பிறகு மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தாள். வாப்பாவின் பெயர் இருந்தால் எந்தக் கடதாசியையும் அவள் வாசிப்பாள் என்று பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. நின்ற நிலையிலேயே முழுவதையும் வாசித்து முடித்தாள்.

“உம்மா, இதில பிழையா எழுதியிருக்கு.”

“பிழை இல்ல மகள். இரு, இதில இரு.”

“வாப்பா செய்தவர் எண்டு இருக்கு.”

“ஓம். அதுதான் சரி.” உம்மு ஸல்மாவின் குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை. “நான் உனக்குச் சொன்னதுதான் பொய். நீ அழுதாய், எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு, அதான் அப்பிடிச் சொன்னனான். மாமாவுக்கு ஒண்டும் தெரியாது. வாப்பாதான் செய்தது.”

“இல்ல.”

“ஓம் மகள்.”

“அப்ப போன வருசம் நான் அந்தப் பிள்ளைக்கு அடிச்சது? அவள் வாப்பாவச் சொன்னாள் எண்டு பல்லு உடையிற மாதிரி அடிச்சனே. நீங்கள் வந்து அதிபருக்கு முன்னால என்ட பக்கம் நிண்டீங்களே.”

“அவள் சொன்னது சரி,” என்றாள் தாய். “நீ அடிச்சது பிழை. நான் உன்ட பக்கம் நிண்டதும் பிழை.”

நுஸ்ரியா தாயை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். தாய் சொன்னதை அவள் கொஞ்சமும் நம்பவில்லை. அது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஒரு உத்தியோகத்தர் வந்து கேட்டால், அவர் பேனாவைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். உம்மு ஸல்மா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் கோட்டில இருந்த ஐயாதானே?” என்றாள் பிள்ளை. “உம்மா சொல்லியிருக்கிறா. வாப்பாவுக்குத் தீர்ப்புச் சொன்ன நேரம் நீங்கள் அங்க இருந்தனீங்கள். நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள். சொல்லுங்கோ, வாப்பா செய்தவரா?”

என் ஆயுளில் என்னிடம் இவ்வளவு கவனமாக யாரும் எதையும் கேட்டதில்லை. பாராளுமன்றத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் கேட்காத கேள்வி. பைசர் வீட்டுக்கு வர இன்னும் ஒரு சொல்தான் பாக்கி, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

“ஓம் பிள்ளை,” என்றேன். “நான் பக்கத்தில இருந்து எல்லாம் எழுதினனான். உங்கட வாப்பாதான் செய்தவர்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மக்கனாவைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள். நம்பிவிட்டாள்.